ஸ்ட்ரோவுக்குள் பத்தில் ஒன்பது பங்கு: விந்தை உறைய வைக்கும் ஐதாக்கியை எப்படித் தெரிவது?

திருகோணமலை மாவட்டத்துத் தம்பலகாமத்தில் வயலோரமாக ஒரு வீடு. முற்றத்து வேப்பமரத்தில் ஜேர்சிக் கலப்புப் பசு ஒன்று கட்டியிருந்தது. அந்த வீட்டு அம்மா சொன்னார்: "தம்பி, மூண்டு தரம் ஊசி போட்டாச்சு, இன்னும் பிடிக்கல்ல. பேசாம நாம்பனுக்கே விட்டிருக்கலாம்." 21 நாளுக்கு ஒருமுறை பருவத்துக்கு வரும் பசுவுக்கு மூன்று ஊசி வீணானால் இரண்டு மாதம் போய்விடும். கன்று பிந்தும், பால் பிந்தும், கடையில் எழுதிவைத்த கணக்கு நீளும்.

ஊசி, அதாவது செயற்கைமுறைச் சினைப்படுத்தல், பிடிக்காவிட்டால் காரணம் சொல்லப் பலர் வருவார்கள். பசுவில் குறை என்பார்கள், தீவனம் போதாது என்பார்கள், சினைப்படுத்த வந்தவர் பிந்தி வந்தார் என்பார்கள். இவற்றில் பெரும்பாலானவை நியாயமான காரணங்கள்தான். பருவத்தைச் சரியாகக் கண்டுபிடிக்காமல் போவதுதான் எங்கும் முதல் காரணம். ஆனால் உறைந்த விந்து வரும், ஸ்ட்ரோ எனும் அந்த மெல்லிய பிளாஸ்டிக் குழாய்க்குள், விந்தணுவைச் சுற்றி நிற்கும் திரவத்தைப் பற்றி முற்றத்தில் யாரும் பேசி நான் கேட்டதில்லை. ஆய்வுகூடத்தில் அதை எக்ஸ்டென்டர் என்பார்கள். நம் பாடப்புத்தகச் சொல்லில் ஐதாக்கி. ஆடு, எருமை வளர்ப்பவர்களும் செயற்கைமுறைச் சினைப்படுத்தலைப் பற்றிக் கேட்கத் தொடங்கியிருக்கும் இந்த நேரத்தில், அதைப் பற்றி விரிவாகப் பேச வேண்டியிருக்கிறது.

முதலில் ஒரு கணக்கு. நல்ல காளை ஒருமுறையில் 5 மில்லிலீற்றர் அளவு விந்து தருகிறது என்று வைப்போம். ஒரு மில்லிலீற்றரில் ஏறத்தாழ 100 கோடி விந்தணுக்கள் இருந்தால் மொத்தம் 500 கோடி. ஒரு ஸ்ட்ரோவுக்கு 2 கோடி விந்தணு போதும் என்று பிரித்தால் 250 ஸ்ட்ரோ. ஒவ்வொன்றும் கால் மில்லிலீற்றர் கொள்வதால் மொத்தம் 62.5 மில்லிலீற்றர் வேண்டும். காளை தந்தது 5 மட்டுமே, மீதி 57.5 மில்லிலீற்றரும் நாம் கலந்தது. பசுவின் கருப்பைக்குள் போகும் துளியில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் ஐதாக்கிதான். கண்டிப் பக்கத்துக் குண்டசாலை நிலையத்தில் உறைய வைத்த ஒரு ஸ்ட்ரோ திரவ நைதரசன் கொள்கலத்துக்குள் மலையிறங்கி கந்தளாய்க்கோ குச்சவெளிக்கோ வந்து சேரும்வரை, அந்த ஒன்பது பங்குதான் மிச்சத்தைக் காக்கிறது.

எதிலிருந்து காக்கிறது? முதல் ஆபத்து உறைவதற்கு முன்பே வந்துவிடுகிறது. தேங்காயெண்ணெயை நினைத்துப் பாருங்கள். திருகோணமலையில் வருடம் முழுவதும் தண்ணீர்போல ஓடும். அதே போத்தலை நுவரெலியாவுக்குக் கொண்டுபோனால் ஒரே இரவில் வெண்ணெய்போல இறுகிவிடும். விந்தணுவைப் போர்த்தியிருக்கும் மென்சவ்வும் கொழுப்பினால் ஆனது. உடல் வெப்பத்தில் இருந்ததைச் சடாரென்று 5 பாகைக்கு இறக்கினால் அந்தக் கொழுப்பு ஆங்காங்கே இறுகி, சவ்வில் இடைவெளி விழுந்து, உள்ளே இருக்க வேண்டியது வெளியே கசியும். இதைத்தான் குளிர் அதிர்ச்சி என்கிறார்கள். எந்த விலங்கின் சவ்வில் எந்தக் கொழுப்பு, எவ்வளவு கொலஸ்திரோல் என்பதைப் பொறுத்து இந்த அதிர்ச்சி கூடும், குறையும். பன்றிக்கும் செம்மறிக்கும் அதிகம், காளைக்கு நடுத்தரம், முயலுக்குக் குறைவு. இந்த வரிசையை மறந்துவிட்டு ஐதாக்கி தெரிய முடியாது.

இங்கேதான் முட்டை வருகிறது. கோழிமுட்டையின் மஞ்சட்கரு காளை விந்தைக் குளிரில் காக்கும் என்பதை அமெரிக்காவின் விஸ்கொன்சினில் பிலிப்ஸ் 1939இல் காட்டினார். அடுத்த ஆண்டு பிலிப்ஸும் லார்டியும் மஞ்சட்கருவையும் பொஸ்பேற்றுக் கரைசலையும் சேர்த்து முழுச் செய்முறையை வெளியிட்டார்கள். 1941இல் சாலிஸ்பரியும் உடன் வேலைசெய்தவர்களும் பொஸ்பேற்றுக்குப் பதிலாகச் சிற்றேற்றைப் போட்டார்கள். அது மஞ்சட்கருவின் கொழுப்புத் துளிகளைக் கலைத்துவிட்டதால் நுணுக்குக்காட்டியில் விந்தணு தெளிவாகத் தெரிந்தது. ஏன் காக்கிறது என்பது வெகுகாலம் கழித்துத்தான் விளங்கியது. காளையின் விந்துப் பாயத்தில், அதாவது விந்தணு மிதக்கும் திரவத்தில், உள்ள சில புரதங்கள் விந்தணுவின் சவ்விலிருந்து கொழுப்பைச் சிறிது சிறிதாக உருவிக்கொண்டே இருக்கும். இயற்கையான சேர்க்கையில் அது நல்லதுதான், கருக்கட்டலுக்கு ஆயத்தப்படுத்தும் வேலை அது. போத்தலுக்குள் மணிக்கணக்கில் நடந்தால் சவ்வு மெலிந்துபோகும். மஞ்சட்கருவில் கொழுப்பும் புரதமும் சேர்ந்த குறையடர்த்தி இலிப்போபுரதம் அந்தப் புரதங்களைப் பிடித்து வைத்துக்கொள்கிறது.

அடுத்த ஆபத்து பனிப்பளிங்கு. மீன் வாங்கும் எவருக்கும் இது தெரியும். வீட்டுக் குளிரூட்டியில் ஆறுதலாக உறைந்த பாரைமீனை எடுத்து இளக்கினால் தண்ணீர் வடிந்து சதை தொளதொளவென்று இருக்கும். உள்ளே வளர்ந்த பெரிய பளிங்குகள் இழைகளைக் கிழித்துவிட்டிருக்கும். விந்தணுவில் இன்னொரு தொல்லையும் உண்டு. வெளியில் உள்ள தண்ணீர் முதலில் உறைவதால் மீதித் தண்ணீரில் உப்பு செறிந்து, விந்தணு வற்றிப்போகும். இதற்கு மருந்து கிளிசரோல்.

கிளிசரோல் கிடைத்த கதையைச் சொல்லாமல் போக மனம் வரவில்லை. 1940களின் இறுதியில் இலண்டன் மில் ஹில்லில் போல்ஜ், சிமித், பார்க்ஸ் ஆகிய மூவரும் சேவல் விந்தைச் சீனிக் கரைசலில் உறைய வைக்க முயன்று சரிவராமல் இருந்தார்கள். ஒருநாள் குளிரறையிலிருந்து எடுத்த ஒரு போத்தல் மட்டும் அதிசயமாக வேலைசெய்தது. விந்தணுக்கள் உறைந்து இளகியும் நீந்தின. மிச்சமிருந்த கொஞ்சத்தைப் பகுத்துப் பார்த்தபோது அதில் சீனியே இல்லை, கிளிசரோலும் அல்புமினும்தான் இருந்தன. பெயர்த்தாள் மாறிப்போயிருந்த போத்தல் அது. அடுத்த ஓரிரு ஆண்டுகளில் உறைந்த காளை விந்தில் கன்று பிறந்துவிட்டது. இன்னொன்றும் உண்டு: சேவல் விந்தில் கண்டுபிடித்த அந்தக் கிளிசரோல் கோழியின் உடலுக்குள் போனால் கருக்கட்டலையே தடுக்கிறது. ஆகவே சேவல் விந்தை இளக்கியபின் கிளிசரோலைக் கழுவி எடுத்துவிட்டுத்தான் சினைப்படுத்த வேண்டும். பசுவுக்கு அப்படி எதுவும் வேண்டியதில்லை. ஒரே பொருள் இரண்டு உயிர்களில் இப்படி வேறுபட்டு நடக்கிறது என்பதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், ஆட்டைப் பேசும்போது திரும்ப வேண்டிவரும்.

காளைக்கு இன்று பரவலாக உள்ள செய்முறை ட்ரிஸ், சிற்றிக் அமிலம், பிரக்டோசு, மஞ்சட்கரு, கிளிசரோல் என்ற கூட்டு. 100 மில்லிலீற்றருக்கு ட்ரிஸ் ஏறத்தாழ 2.4 கிராம், சிற்றிக் அமிலம் 1.3 முதல் 1.4 கிராம், பிரக்டோசு 1 கிராம், மஞ்சட்கரு 20 மில்லிலீற்றர், கிளிசரோல் 6 அல்லது 7 மில்லிலீற்றர். ட்ரிஸும் சிற்றிக் அமிலமும் புளிப்பு ஏறாமல் தாங்கிப் பிடிக்கும், பிரக்டோசு உணவு. நுண்ணுயிர்கொல்லியையும் சேர்க்க வேண்டும். எவ்வளவு சுத்தமாக எடுத்தாலும் காளையின் ஆண்குறியை மூடியிருக்கும் தோலிலிருந்து கிருமி வரத்தான் செய்யும். ஜென்டாமைசின், டைலோசின், லின்கோமைசின், ஸ்பெக்டினோமைசின் நான்கும் சேர்ந்த கலவையைப் பல நிலையங்கள் பயன்படுத்துகின்றன. வைரசுக்கு இவை எதுவும் செய்யாது, அதற்குக் காளையையே பரிசோதித்து வைத்திருக்க வேண்டும்.

மலிவான, நம்பகமான கூட்டு இது. ஆனால் கை சுத்தம் கேட்கும். முட்டை இட்டு ஓரிரு நாளுக்குள் இருக்க வேண்டும். ஓட்டை மதுசாரத்தால் துடைத்து, உடைத்து, வெண்கருவை வடித்து, மஞ்சள் உருண்டையை வடிதாளின்மேல் மெதுவாக உருட்டி ஒட்டியிருக்கும் வெண்கருவையெல்லாம் எடுத்த பிறகுதான் சவ்வைக் குத்தி மஞ்சளை ஊற்ற வேண்டும். வெண்கரு கலந்தால் கேடு. தண்ணீர் இருமுறை வடித்தெடுத்ததாக இருக்க வேண்டும். நம் மாவட்டத்துக் கிணறுகள் பலவற்றில் கேத்தலின் அடியில் வெள்ளை படியும் தண்ணீர். அதை எத்தனை தரம் கொதிக்க வைத்தாலும் இந்த வேலைக்கு ஆகாது.

முட்டைக்கு எதிராகச் சொல்லப்படும் குறைகள் பொய்யில்லை. ஒரு நாள் முட்டைபோல மறுநாள் முட்டை இருக்காது. கோழியிலிருந்து கிருமி வரலாம். பறவைக் காய்ச்சல் பயத்தால் நாடு விட்டு நாடு போகும் விந்தில் விலங்குப் பொருளே வேண்டாம் என்று கேட்கும் சந்தைகள் வந்துவிட்டன. மஞ்சட்கருவின் சிறு துகள்கள் கணினி வைத்து விந்தணு எண்ணும் கருவிகளையும் குழப்பும். இதற்காகத்தான் சோயாவிலிருந்து எடுக்கும் லெசித்தின் என்ற கொழுப்பை வைத்துச் செய்த ஐதாக்கிகள் வந்தன. ஜெர்மனியின் அன்ட்ரோமெட், பிரான்சின் பயோஎக்செல் இந்த வகை. திறந்து, தூய நீரைச் சேர்த்து, விந்தைக் கலக்கலாம், கிளிசரோலும் நுண்ணுயிர்கொல்லியும் ஏற்கெனவே உள்ளே இருக்கும். ட்ரிலாடில் இடைநடுவானது: மற்றவை தயார், தூய நீரோடு மஞ்சட்கருவையும் நாம் போட வேண்டும்.

எது நல்லது என்று கேட்டால், காளையைப் பொறுத்தவரை நான் முட்டைப் பக்கம்தான் சாய்வேன். சோயா லெசித்தினும் கையாளத் தெரிந்த இடங்களில் நல்ல பலன் தருகிறது, ஆனால் இறக்குமதிப் பொருள். கப்பல் பிந்தினால், டொலர் ஏறினால், போத்தல் திகதி முடிந்தால் வேலை நின்றுவிடும். 2022இல் எரிபொருளுக்கும் பால்மாவுக்கும் வரிசையில் நின்றவர்கள் நாம். உள்ளூரிலேயே கிடைக்கும் முட்டையில் செய்யத் தெரிந்த கையை விட்டுவிடக் கூடாது என்பது அந்த வரிசையில் நின்றவனின் அபிப்பிராயம். வெளிநாட்டுக்கு விந்து விற்கும் நிலையத்தின் கணக்கு வேறு, அவர்கள் தாவர வகைக்குப் போவதே சரி.

அப்புறம் பால். கொழுப்பு நீக்கிய பாலை 92 முதல் 95 பாகையில் பத்து நிமிடம் சூடாக்கினால் விந்தணுவுக்கு நஞ்சான லக்டெனின் அழிந்துபோகும், மீதிப் பால் நல்ல காப்பு. பிரான்சில் ஆட்டு விந்தைப் பாலில்தான் உறைய வைக்கிறார்கள்.

ஆடு என்றதும் கொஞ்சம் நின்று பேச வேண்டியிருக்கிறது. மாவட்டத்தில் பலரும் பிழைவிடக்கூடிய இடம் இதுதான். கிண்ணியா, மூதூர், தோப்பூர்ப் பக்கம் பல வீடுகளில் ஆடுதான் கைக்காசு. ஹஜ்ஜுப் பெருநாளுக்கு நல்ல கிடாய்க்கு விலையைக் கேட்கவே வேண்டாம். ஜம்னாபாரி, போயர்க் கிடாய் ஒன்றை வாங்கிக் கட்டிப்போடுவதைவிட அதன் விந்தை உறைய வைத்துப் பத்து வீட்டு மறிகளுக்குப் போடலாமே என்ற எண்ணம் யாருக்கும் வரும். எண்ணம் நல்லது. உடனே அடுத்த படி, காளைக்குச் செய்யும் ட்ரிஸ்-முட்டைக் கூட்டையே எடுத்து ஊற்றுவது. அங்கேதான் கெட்டுப்போகும்.

கிடாயின் கூப்பர் சுரப்பியிலிருந்து விந்தோடு சேர்ந்து ஒரு நொதியம் வருகிறது. அது மஞ்சட்கருவின் லெசித்தினை உடைக்கும். உடைந்ததில் வருவது கொழுப்பமிலமும் லைசோலெசித்தினும். லைசோலெசித்தின் விந்தணுவின் சவ்வையே கரைக்கும் நஞ்சு. கூடவே ஐதாக்கி தயிர்போலத் திரளவும் தொடங்கும். இந்த நொதியத்தை 1957இலேயே விவரித்துவிட்டார்கள். பாலிலும் முழு விடுதலை இல்லை, அதே சுரப்பியிலிருந்து வரும் இன்னொரு புரதம் பாற்கொழுப்பை உடைத்து அங்கேயும் கொழுப்பமிலத்தை உண்டாக்குகிறது. நொதியத்தின் வேகம் வெப்பத்தோடு மாறும், பருவகாலத்தோடும் மாறும். அதனால் ஒரு மாதம் சரிவந்தது இன்னொரு மாதம் கைவிடும், செய்தவருக்குக் காரணமே பிடிபடாது.

வழிகள் உண்டு. விந்தை எடுத்ததும் கரைசலில் கலந்து மையநீக்கியில் சுழற்றி, மேலே நிற்கும் விந்துப் பாயத்தை ஊற்றிவிட்டு, விந்தணுவை மட்டும் ஐதாக்கியில் கரைப்பது ஒன்று. இதற்குக் கழுவுதல் என்று பெயர், சிலர் இரண்டுமுறை கழுவுவார்கள். பலன் உறுதி, ஆனால் ஒவ்வொரு சுழற்சியிலும் கொஞ்ச விந்தணு போகும், கொஞ்சம் காயப்படும். இன்னொரு வழி மஞ்சட்கருவை 20 வீதத்திலிருந்து 2 அல்லது 2.5 வீதத்துக்கு இறக்குவது. மூன்றாவது சோயா வகை. அதுவும் லெசித்தின் குடும்பம்தான் என்பதால் நொதியத்துக்கு இரையே கிடைக்காது என்று நம்பிவிடக் கூடாது. கழுவாத விந்தை முழு அளவு மஞ்சட்கருவில் போடுவது மட்டும் வேண்டாம். கணக்கையும் பாருங்கள்: கிடாய் ஒருமுறைக்கு 1 மில்லிலீற்றர் அளவுதான் தரும், அதில் 300 கோடி விந்தணு இருந்தாலும் உறைந்த விந்தில் மறிக்கு 15 கோடியாவது போட வேண்டுமென்றால் 20 ஸ்ட்ரோதான். காளையில் 250. ஐதாக்கி பிழைத்தால் ஆட்டுக்காரருக்குத் தாங்காது.

இளநீரைப் பற்றிக் கேட்பவர்கள் இருக்கிறார்கள், தென்னை நிற்கும் ஊரில் கேட்கத்தானே செய்வார்கள். கேள்வியில் பிழையில்லை. பிரேசிலின் வடகிழக்கில் இளநீரை அடிப்படையாக வைத்து ஆட்டு விந்துக்கு ஐதாக்கி செய்து பயன்படுத்துகிறார்கள், இளநீரைப் பொடியாக்கியும் வைத்திருக்கிறார்கள். ஆனால் முற்றத்து மரத்தில் பறித்த இளநீர் அப்படியே ஆகாது. காயின் வயதோடு சீனியும் உப்பும் மாறும், புளிப்புத்தன்மை விந்துக்குப் பொருந்தாது, சமப்படுத்தியே ஆக வேண்டும். உறைய வைக்கக் கிளிசரோல் போன்ற காப்பும் வேண்டும். உடனே பயன்படுத்தும் விந்துக்கு, முறையான ஆய்வுகூடம் ஒன்று எடுத்துச் செய்ய வேண்டிய வேலையாக இதைப் பார்க்கிறேன்.

எருமைக்குச் சிக்கல் குறைவு. ட்ரிஸ்-முட்டைக் கூட்டே பொருந்தும், ஆனால் எருமை விந்தணு காளையினதைவிட உறைதலில் அதிகம் அடிபடும், அதனால் குளிர வைப்பதிலும் கிளிசரோல் அளவிலும் நிதானம் வேண்டும். கந்தளாய், சேருவில பக்கத்துத் தயிர்ச் சட்டிக்குப் பின்னால் நிற்கும் எருமைகளில் பெரிய தடை பருவம் வெளியே தெரியாமல் வந்துபோவது. அதை ஐதாக்கி தீர்க்காது. பன்றியில் பெரும்பாலும் உறைய வைப்பதே இல்லை. 17 பாகையில் திரவமாக வைத்துச் சில நாளுக்குள் பயன்படுத்துகிறார்கள். செம்மறியில் கருப்பைக் கழுத்து வளைந்து நெளிந்திருப்பதால் உறைந்த விந்தைச் சாதாரண முறையில் போட்டால் பிடிப்பது குறைவு.

நல்ல ஐதாக்கியும் கைவிடும் இடங்களைச் சொல்லாமல் விட்டால் பழியை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு மாற்றியதாகிவிடும். திரவ நைதரசன் மறை 196 பாகையில் நிற்கிறது. கொள்கலத்தின் கழுத்துவரை ஸ்ட்ரோக்களைத் தூக்கிவைத்துக்கொண்டு வேண்டியதைத் தேடினால் மற்றவையும் சேர்ந்து வெப்பமேறும். திரும்ப இறக்கியபின் உள்ளிருக்கும் சிறு பளிங்குகள் ஒன்றுகூடிப் பெரிதாகியிருக்கும். வெளியே பார்க்க எந்த அடையாளமும் இராது. கச்சான் காற்று வீசும் மாதங்களில், வெயிலில் நிறுத்திய மோட்டார் சைக்கிளின்மேல் கொள்கலத்தைத் திறக்கும்போது ஒவ்வொரு நொடியும் கணக்கு. பத்து நொடிக்குள் எடுக்க முடியாவிட்டால் திரும்ப இறக்கிவிட்டு மறுபடி முயல வேண்டும்.

இளக்குவதும் அப்படித்தான். 37 பாகைத் தண்ணீரில் அரை நிமிடம். மதிய வேளையில் கூரைமேல் கறுப்புத் தாங்கியிலிருந்து வரும் தண்ணீர் கையைச் சுடும், காலையில் கிணற்றுத் தண்ணீர் வேறு சூடு. கன்னியா வெந்நீர்க் கிணறுகளில் குளித்தவர்களுக்குத் தெரியும், பக்கத்துப் பக்கத்துக் கிணறுகளிலேயே சூடு மாறும், கையால் தொட்டு எத்தனை பாகை என்று யாராலும் சொல்ல முடியாது. ஒரு வெப்பமானியும் வாயகன்ற வெந்நீர்ப் போத்தலும் பையில் இருந்தால் போதும்.

சரி, ஒரு நிலையம் ஐதாக்கியை எப்படித் தெரிவுசெய்ய வேண்டும்? விற்பனையாளர் தரும் தாளைப் பார்த்து முடிவெடுப்பதை நான் ஏற்கமாட்டேன். ஒரே இனத்திலேயே விந்து நன்றாக உறையும் காளையும் உண்டு, உறையாத காளையும் உண்டு. ஒரு காளையின் விந்தை ஒரு ஐதாக்கியிலும் இன்னொரு காளையினதை இன்னொன்றிலும் போட்டு ஒப்பிட்டால் நாம் அளப்பது காளையைத்தான். ஒரே காளையின், அதே நாளில் எடுத்த விந்தைப் பங்கிட்டு வெவ்வேறு ஐதாக்கியில் போட்டு, ஒரே வேகத்தில் குளிர வைத்து, 4 பாகையில் ஒரே நேரம் ஆறவிட்டு, ஒன்றாக உறைய வைத்து, ஒன்றாக இளக்கிப் பார்க்க வேண்டும். பல காளைகளில், பல நாட்களில்.

பார்ப்பதிலும் வெறும் அசைவோடு நின்றுவிடக் கூடாது. உப்புக் குறைந்த கரைசலில் விடும்போது சவ்வு பழுதில்லாத விந்தணு தண்ணீரை உறிஞ்சி வீங்கி வாலைச் சுருட்டிக்கொள்ளும், சவ்வு கிழிந்தது நீட்டி நிமிர்ந்தே கிடக்கும். நுணுக்குக்காட்டியும் பொறுமையும் இருந்தால் செய்யக்கூடிய இந்தச் சோதனை, விலையுயர்ந்த கருவி இல்லாத இடங்களுக்கு வரப்பிரசாதம்.

நம் மாவட்டத்தில் ஆட்டு விந்தை உறைய வைக்க யாராவது தொடங்கினால், முதல் வருடம் ஸ்ட்ரோ எண்ணிக்கையைக் கேட்டு அவர்களை நெருக்க வேண்டாம். ஐந்தாறு கிடாய்கள் போதும். ஒவ்வொன்றின் விந்தையும் மூன்றாகப் பிரிக்கட்டும்: கழுவிப் பாலில் ஒன்று, கழுவாமல் 2.5 வீத மஞ்சட்கருவில் ஒன்று, சோயாவில் ஒன்று. கச்சானில் ஒருமுறை, மாரியில் ஒருமுறை. இளக்கியதும் ஒருதரம் பார்த்துவிட்டு, மூன்று குழாய்களையும் 37 பாகையில் வைத்து இரண்டு மணி நேரம் கழித்து மறுபடி பார்க்கட்டும். முதல் நிமிடத்தில் துள்ளியது அப்போதும் நீந்துகிறதா என்று தெரிந்த பிறகு மறிகளிடம் போகலாம்.